மசகெண்ணெயில் நீர் கண்டறிதல்: கொங்கு வட்டார வரலாறு

எந்திரங்களின் மசகெண்ணெயில் கலந்துவிட்ட நீரைக் கண்டுபிடித்து அளக்கும் முறைகளின் தொகுதி இது. எண்ணெயில் நீர் மூன்று விதமாக இருக்கும்: கரைந்து கண்ணுக்கே தெரியாமல், நுண்துளிகளாகச் சிதறிப் பால்போல் வெளுத்து, அல்லது தனியே பிரிந்து அடியில் தங்கி. இவற்றுள் கண்ணுக்குத் தெரியாத முதல் வகையைப் பிடிப்பதுதான் கடினம்.

மாட்டுவண்டி அச்சுக்கு விளக்கெண்ணெயும் வைக்கோல் கரியும் குழைத்த வண்டிமை பூசிய காலத்தில் இந்தக் கவலை எழவில்லை. 1888-இல் தொடங்கப்பட்ட ஸ்டேன்ஸ் மில்லோடு கோவையில் ஆலைத் தொழில் வேரூன்றியது. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி மின்சாரம் வந்ததும் நூற்பாலைகள் பெருகின. நீர்மின் நிலையத்தில் தாங்கிகளின் எண்ணெயைக் குளிர்விக்கத் தண்ணீர்க் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றில் ஒன்று கசிந்தாலும் எண்ணெயில் நீர் சேரும். பின்னாளில் வந்த மேட்டூர் அனல்மின் நிலையம் போன்றவற்றில் வழி வேறு: டர்பைனின் அச்சு முனைகளில் கசியும் நீராவி எண்ணெய்க்குள் புகுந்து குளிர்ந்து நீராகிறது.

பட்டறைகளில் மிகப் பழைய சோதனை, சூடான தகட்டில் இரண்டு சொட்டு விட்டுப் பார்ப்பது. நீர் இருந்தால் சடசடவென்று பொரியும். ஆயில் எஞ்சினின் ஹெட் கேஸ்கட் போய்க் குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தால் அதுகூட வேண்டாம். அளவுக்கம்பியை உருவியதுமே வெளுத்த எண்ணெய் காட்டிக்கொடுத்துவிடும். செலவில்லாத, நல்ல சோதனை. ஆனால் கரைந்த நீர் சிறிதளவே இருந்தால் தகடு சத்தமே போடாது. சத்தம் இல்லாததை நீர் இல்லாததாக எடுத்துக்கொள்வதுதான் பலரும் செய்யும் தவறு. 1977-இல் அமெரிக்காவின் டிம்கன் நிறுவன ஆய்வாளர் கேன்ட்லி வெளியிட்ட சமன்பாட்டின்படி, எண்ணெயில் பத்து லட்சத்துக்கு 100 பங்காக இருந்த நீர் 400 பங்கானால் உருளைத் தாங்கியின் ஆயுள் பாதிக்கும் கீழே போகிறது. தகடு பெரும்பாலும் வாய் திறக்காத அளவு அது.

அளந்து சொல்லும் முறை 1920-இல் வந்தது. டீன், ஸ்டார்க் என்ற இருவர், எண்ணெயைக் கரைப்பானோடு சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆவியோடு எழும் நீரை அளவுக்குழாயில் பிடித்தனர். 1935-இல் ஜெர்மானிய வேதியியலாளர் கார்ல் ஃபிஷர் அயோடின், கந்தக டைஆக்சைடு ஆகியவற்றோடு நீர் புரியும் வினையைப் பயன்படுத்தி மிக நுட்பமாக அளக்க வழி கண்டார். இன்றும் ஆய்வகங்களில் இதுவே உரைகல். ஆனால் எண்ணெயில் சேர்க்கும் சில மருந்துகளும் அயோடினை விழுங்கி அளவைக் கூட்டிக் காட்டும். அப்போது எண்ணெயைச் சூடாக்கி, வெளிவரும் ஈரத்தை மட்டும் உலர்ந்த வாயுவால் கடத்தி அளக்கிறார்கள். அகச்சிவப்பு நிறமாலையும் எந்திரத்திலேயே பொருத்தும் ஈர உணரிகளும் பின்னர் வந்தவை.

இந்த வட்டாரத்தில் சோதனைக்கு இன்று மிகுந்த தேவை உள்ள இடம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பிப் பல்லடம், உடுமலைப் பக்கம் நிற்கும் காற்றாலைகள். காற்றுக்காலம் முடிந்து வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் அவை பெரும்பாலும் ஓய்ந்து நிற்கும். பகலில் சூடேறி இரவில் குளிரும் கியர்பெட்டி ஈரக்காற்றை உள்ளிழுக்கிறது. மூச்சுத்துளையில் வைத்த சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் ஈரம் ஏறிவிட்டதென்று பொருள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளின் திருகுக் கம்ப்ரசர்களிலும் இதே ஆபத்து உண்டு: போதிய சூடு ஏறும் முன்பே நிறுத்தினால் காற்றின் ஈரம் எண்ணெயிலேயே தங்கிவிடும்.

மாதிரி எடுப்பதில் காட்டும் அசட்டை மொத்தச் சோதனையையும் வீணாக்கும். எந்திரம் ஓடிச் சூடாக இருக்கும்போது, உலர்ந்த புட்டியில், எண்ணெய் ஓடும் பாதையிலிருந்தே எடுத்து உடனே இறுக மூட வேண்டும். தொட்டியின் அடியிலிருந்து எடுத்தது மொத்த எண்ணெயின் நிலையைக் காட்டாது. கோவையில் உருவாகும் நீர்மூழ்கிப் பம்பு மோட்டார்கள் பலவற்றுக்கு மட்டும் இந்தச் சோதனையே தேவையில்லை: அவற்றின் உள்ளே நிரப்புவதும் தாங்கிகளுக்கு மசகாக இருப்பதும் தண்ணீரே.