இறையியல் கல்வி (தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபைகள்)

போதகர்களுக்கும் உபதேசியார்களுக்கும் திருமறை விளக்கம், திருச்சபை வரலாறு, பிரசங்கக் கலை முதலியவற்றை முறையாகக் கற்பிக்கும் பயிற்சி. தமிழரிடையே இது தரங்கம்பாடியில் தொடங்கியது. 1706இல் அங்கு வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு, தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட கையோடு, 1716இல் உள்நாட்டு ஊழியர்களுக்கான பயிற்சிப் பள்ளியை நிறுவினார். அச்சிட்ட நூலை ஊர் ஊராகக் கொண்டுபோய் வாசித்து விளக்க ஆள் வேண்டியிருந்தது.

ஆனால் குருப்பட்டம் எளிதில் கிடைக்கவில்லை. கடலூர்ச் சைவக் குடும்பத்தில் பிறந்த ஆறுமுகம், 1718இல் திருமுழுக்குப் பெற்று ஆரோன் ஆனார். உபதேசியாராக நெடுங்காலம் உழைத்த பிறகு, 1733 டிசம்பரில்தான் அவருக்குக் குருப்பட்டம் தரப்பட்டது. இந்தியாவின் முதல் சீர்திருத்தச் சபைக் குரு இவரே. அடுத்தவரான தியோகுவுக்கு 1741 வரை காத்திருக்க நேர்ந்தது. கல்வியை உயர்வாக மதித்ததன் விளைவு என்று இத்தாமதத்தைச் சொல்லலாம். ஐரோப்பியரின் தயக்கத்துக்கும் அதில் பங்குண்டு.

யாழ்ப்பாணம் இன்னொரு பாடம். அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியில் தமிழோடு ஆங்கிலமும் கணிதமும் அறிவியலும் கற்பிக்கப்பட்டன. படித்தவர்களில் பலர் பிரசங்க மேடையை விட்டு அரசு உத்தியோகத்துக்குப் போயினர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரும் தொல்காப்பியப் பதிப்பாசிரியருமான சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கு பயின்றவர்தான். போதகரை உருவாக்கும் நோக்கம் நிறைவேறவில்லை எனக் கருதிய மிஷன் 1855இல் அதை மூடியது. தமிழுக்கு வந்த ஆதாயத்தை அக்கணக்கில் யாரும் சேர்க்கவில்லை.

திருநெல்வேலியில் சபைகள் வேகமாகப் பெருகின. கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் ஒருவரே பார்த்துக்கொண்ட உபதேசியார்களுக்குப் பயிற்சி அவசரத் தேவையாயிற்று. சாயர்புரத்தில் மிஷனரி ஜி. யு. போப் செமினரி நடத்தினார். பின்னாளில் அங்கே தமிழாசிரியரான எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, பணியேற்றபோது வைணவர். இப்படித் தமிழ்ப் புலமை வாய்ந்தவரிடம் மொழி கற்றது போதகர்களுக்குப் பெரிய பேறு.

உயர் பட்டப்படிப்பு செராம்பூரிலும் (1818) பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியிலும் (1910) வளர்ந்தது. அங்கே பயிற்றுமொழி ஆங்கிலம். போதகர் கிராமத்துச் சபைகளில் பேசவேண்டியதோ தமிழ். 1969இல் மதுரை அரசரடியில் தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் சபைகளும் சேர்ந்து அமைத்த தமிழ்நாடு இறையியல் கல்லூரி இவ்விடைவெளியைத் தமிழில் எதிர்கொண்டது. மாணவர்கள் வளாகத்தை விட்டுக் குடிசைப் பகுதிகளில் தங்கிப் பயிலவும் வேண்டியிருந்தது. அங்கு கற்பித்த தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டுகளில் வழிபாட்டை அமைத்து, கிராமத்தாரின் சமையலையும் கூட்டுச் சாப்பாட்டையும் இறையியல் பாடமாக்கினார்.