மேற்கு வாசல் அருகே ஓர் ஏலம்

1774 ஏப்ரலில், இங்கிலாந்தின் சசெக்ஸ் வட்டாரத்தில் உள்ள லூயிஸ் என்ற சிற்றூரில் ஓர் ஏல அறிவிப்பு வந்தது. அச்சிட்டது 'சசெக்ஸ் வீக்லி அட்வர்டைசர்' என்ற உள்ளூர் வாரப் பத்திரிகை. மேற்கு வாசல் அருகே மளிகையும் புகையிலையும் விற்றுவந்த தாமஸ் பெயினின் வீட்டுச் சாமான்கள், கடைச் சரக்கு, தட்டுமுட்டு எல்லாம் 14ஆம் தேதி வியாழக்கிழமையும் மறுநாளும் ஏலம் விடப்படும் என்கிறது அது. குதிரை பூட்டி ஓட்டும் புகையிலை ஆலை ஒன்று, புகையிலை நறுக்கவும் மூக்குப்பொடி அரைக்கவும் வேண்டிய கருவிகள், கடைசியாக, இன்னும் பிரிக்காத இரண்டு பெட்டி பாலாடை நிறப் பாத்திரங்கள்.

அந்த இரண்டு பெட்டிகளைத் தாண்டி என்னால் எளிதில் போக முடியவில்லை. ஜோசயா வெட்ஜ்வுட் ராணிக்குச் செய்து கொடுத்ததிலிருந்து, இந்த நிறப் பாத்திரம் வைத்திருப்பது அங்கே நடுத்தர வீடுகளுக்கெல்லாம் கௌரவம். நல்ல விலைக்குப் போகும் என்று நம்பித்தான் கொள்முதல் செய்திருப்பார். பெட்டியின் ஆணியைப் பிடுங்குவதற்குள் கடன்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

பின்னாளில் 'காமன் சென்ஸ்' எழுதி, மன்னராட்சியே வேண்டாம் என்று அமெரிக்கர்களைப் பேசவைத்த அதே பெயின்தான் இவர். அந்தப் புகழ் வருவதற்கு முன் பல ஆண்டுகள் பிழைப்புக்காக ஊர் ஊராக அலைந்தவை. அவற்றை அறிய அவருடைய நூல்களைவிட அன்றைய விளம்பரங்களே எனக்கு நம்பகமான சாட்சி. ஒன்றைச் சொல்கிறேன்.

1756 இலையுதிர் காலத்தில் லண்டனின் 'டெய்லி அட்வர்டைசர்' பத்திரிகையில் 'டெரிபிள்' என்ற தனியார் போர்க்கப்பலுக்கு ஆள் எடுக்கும் விளம்பரம் வந்தது. பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடித்துக் கொள்ளைப் பங்கில் பணம் பார்க்கலாம் என்ற ஆசைகாட்டல். பெயின் அதில் சேரக் கிளம்பினார், தந்தை தடுத்துவிட்டார். அந்த டிசம்பரிலேயே அந்தக் கப்பல் எதிரியிடம் சிக்கியது. கேப்டனும் மாலுமிகளில் பெரும்பாலோரும் மாண்டார்கள். இந்தச் சம்பவத்தைப் பிற்காலத்தில் 'ரைட்ஸ் ஆஃப் மேன்' நூலில் நினைவுகூர்ந்தபோது, தனக்கு அப்போது 16 வயதுக்குச் சற்று மேல் என்று எழுதினார். 1737இல் பிறந்தவருக்கு அந்த விளம்பரம் வந்தபோது வயது 19. பழைய பத்திரிகையின் தேதி இல்லாவிட்டால் இந்த மூன்று வருடத்தை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அப்புறமும் ஆசை விடவில்லை. 'கிங் ஆஃப் பிரஷ்யா' என்ற வேறொரு கப்பலில் ஏறி 1757இல் சில மாதம் கடலில் திரிந்து வந்தார்.

கற்ற தொழில், பெண்கள் அணியும் விறைப்பான கச்சை தைப்பது. இரண்டு அடுக்குத் துணிக்கு நடுவே வரிசையாகத் தையல் போட்டு, திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுத்த தகடுகளைக் கீற்றாக்கி உள்ளே செருக வேண்டும். தெட்ஃபோர்டில் தந்தையிடமே கற்றது. சாண்ட்விச் ஊரில் சொந்தக் கடை போட்டார், ஓடவில்லை. முதல் மனைவி மேரி மணமான மறு வருடமே இறந்தார். பிறகு கலால் உத்தியோகம். 1765இல் சரக்கைப் பார்க்காமலே பார்த்ததாகப் பதிந்தார் என்று நீக்கம். மன்னிப்புக் கேட்டு மனுப் போட்டு மறுபடி உள்ளே வந்தார். 1768இல் லூயிஸுக்கு மாற்றல். அங்கே சாமுவேல் ஆலிவ் என்ற புகையிலை வியாபாரியின் வீட்டில் குடியிருந்தார். ஆலிவ் இறந்தபின் 1771இல் அவர் மகள் எலிசபெத்தை மணந்தார். கடையும் ஆலையும் பெயினின் பொறுப்புக்கு வந்தன.

ஒரே ஆள் காலையில் கலால் அதிகாரி, மாலையில் கடைக்காரர். இரண்டும் சேர்ந்தும் குடும்பம் நடக்கவில்லை. ஆண்டுச் சம்பளம் 50 பவுண்டு. வரியும் குதிரைச் செலவும் போக ஒரு நாளைக்குக் கையில் நிற்பது 1 ஷில்லிங் ஒன்பதே கால் பென்ஸ் என்று அவரே கணக்குக் காட்டினார். அந்தக் கணக்கு இடம்பெற்றது 1772இல் சக கலால் ஊழியர்களுக்காக அவர் எழுதிய ஊதிய உயர்வுக் கோரிக்கையில். அந்தக் குளிர்காலத்தை லண்டனில் நாடாளுமன்ற உறுப்பினர்களின் வீட்டுப் படியேறி ஏறியே கழித்தார். நாடாளுமன்றம் அசையவில்லை. ஊரில் கடை கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1774 ஏப்ரல் 8, கடன் தாங்காமல் அனுமதியின்றி ஊரை விட்டுப் போனார் என்று கலால் வாரியம் அவரை மறுபடி நீக்கியது. ஆறே நாளில் ஏலம். ஜூனில் எலிசபெத்திடமிருந்து பிரிவு. நவம்பர் 30, பெஞ்சமின் பிராங்ளினின் பரிந்துரைக் கடிதத்தோடு பிலடெல்பியா துறைமுகம்.

வாழ்க்கை வரலாற்று ஆசிரியர்கள் பலர் இந்த ஏலத்தை இரண்டு வரியில் முடித்துவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அரசாங்கத்திடம் நியாயமாகக் கேட்டால் கிடைக்கும் என்று நம்பி, எண்களை அடுக்கி எழுதிய மனிதர், கேட்டதற்குப் பலனாக வேலையையும் கடையையும் இழந்தார். இரண்டே வருடத்துக்குள் மன்னராட்சியை வேரோடு எதிர்க்கும் எழுத்து அவரிடமிருந்து வந்தது. லூயிஸை விட்டுவிட்டு அந்த வேகத்தை விளக்க முடியாது.

1776 ஜனவரியில் பிலடெல்பியாப் பத்திரிகையில் ராபர்ட் பெல் என்ற அச்சுக்காரர் கொடுத்த விளம்பரத்தில் 'காமன் சென்ஸ்' வந்தது. விலை 2 ஷில்லிங். ஆசிரியர் பெயர் கிடையாது. லாபக் கணக்கில் பெல்லோடு தகராறு முற்றி, இருவரும் பத்திரிகையிலேயே மாறிமாறி அறிக்கை விட்டுக்கொண்ட கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.

ஒன்றைச் சொல்லாமல் இந்த வாரத்தை முடிக்க மனம் வரவில்லை. ஏல அறிவிப்பில் இருந்த பெயர் தாமஸ் பெயின். ஏலம் போன ஆலையோ எலிசபெத்தின் தந்தை வளர்த்த தொழில். கணவர் உலகப் புகழ் பெற்றபின்னும் அவர் இங்கிலாந்திலேயே, கிரான்புரூக் ஊரில் சகோதரர் வீட்டில் தங்கி 1808இல் இறந்தார். பெயினின் தோல்விக்கு அதிக விலை கொடுத்தவர் எலிசபெத்தான். அவரைப் பற்றி இவ்வளவு குறைவாக எழுதப்பட்டிருப்பது அநியாயம்.

(தொடரும்)