மட்டனூஸ்கா: சீட்டு குலுக்கிப் போட்டுக் கொடுத்த நிலம்

1935 மே 23. அலாஸ்காவில் பாமர்னு ஒரு இடம். ஊர்னு கூடச் சொல்ல முடியாது, ரயில் பாதை ஓரமா வரிசையா கூடாரங்கள், அவ்வளவுதான். அங்கே ஒரு பெட்டியைச் சுற்றி ஆண்கள் எல்லாம் கூடி நிற்கிறாங்க. ஒவ்வொருத்தரா வந்து பெட்டிக்குள்ள கைவிட்டு ஒரு சீட்டை எடுக்கணும். அதில் இருக்கிற எண்தான் அவங்க பங்கு: 40 ஏக்கர். ஓடை ஓரம் நல்ல மண்ணா, கல்லும் சதுப்புமா, எல்லாம் கை ராசி. ஊருக்குப் போய் "எனக்கு வந்தது சதுப்பு" என்று சொல்ல வேண்டியவங்க கதியை நினைச்சுப் பாருங்க. (பிறகு பேசி மாற்றிக்கொண்டவங்களும் உண்டு.)

இந்தப் பள்ளத்தாக்குக்கு மட்டனூஸ்கான்னு பேர். மட்டனுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை :-)

இவங்க அங்கே எப்படி வந்தாங்கன்னு பார்க்கணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும். 1929ல் பங்குச் சந்தை விழுந்தது எல்லாருக்கும் தெரியும். ஆனா அமெரிக்க விவசாயி அதுக்கு முன்னாடியே விழுந்து கிடந்தார். முதல் உலகப்போர் சமயத்தில் கோதுமைக்கு நல்ல விலை கிடைச்சது. கடன் வாங்கி நிலம் வாங்கினாங்க. போர் முடிந்ததும் விலை சரிஞ்சது, கடன் மட்டும் அப்படியே நின்றது. மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களின் வடபகுதியில் நிலைமை இன்னும் மோசம். அங்கே பைன் காடுகளை மரக் கம்பெனிகள் வெட்டித் தள்ளிட்டு, வேர்க்கட்டைகளோடு மொட்டையா கிடந்த மணல் நிலத்தை "விவசாயத்துக்கு உகந்தது" என்று புதுசா வந்த குடியேறிகள் தலையில் கட்டிட்டாங்க. கட்டையைப் பிடுங்கவே பாதி ஆயுள் போச்சு. 1930களில் அந்தக் குடும்பங்களில் பல அரசு நிவாரணத்தில்தான் பிழைச்சது.

ரூஸ்வெல்ட் அரசு என்ன யோசிச்சதுன்னா, இவங்களுக்கு மாசாமாசம் நிவாரணம் கொடுக்கிறதுக்குப் பதிலா வேற நல்ல மண்ணில் குடி வைக்கலாம். நாடு முழுக்க இப்படிக் குடியிருப்புகள் போட்டாங்க. ஆர்கன்சாவில் டைஸ் காலனி அதில் ஒண்ணு. பாடகர் ஜானி கேஷ் மூணு வயசுப் பையனா அங்கேதான் 1935ல் போனார். அங்கே வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கு மட்டும்தான் இடம். புதிய வாழ்வு கொடுக்கிற திட்டத்திலும் அந்தச் சுவரை மட்டும் இடிக்கலை.

அலாஸ்கா ஏன்? அரசாங்கம் 1923ல் கட்டி முடிச்ச ரயில் ஒண்ணு அங்கே நஷ்டத்தில் ஓடிக்கிட்டிருந்தது. ஏத்தி இறக்கச் சரக்கு வேணும், சரக்குக்கு மக்கள் வேணும். 1930 கணக்கெடுப்பில் அத்தனை பெரிய பிரதேசத்தில் மொத்தம் சுமார் 59,000 பேர். டினைனா பழங்குடியினர் காலங்காலமாகப் புழங்கிய பள்ளத்தாக்கு இது. அவங்களை யாரும் கேட்ட மாதிரி தெரியலை.

குளிர் பழகினவங்களா வேணும்னு அந்த மூணு மாநிலத்திலிருந்தே ஆள் எடுத்தாங்க. சின்ன வயசுத் தம்பதிகளுக்கு முன்னுரிமை. சுமார் 200 குடும்பங்கள் கிளம்பின. வீடு கட்ட, நிலம் சீராக்க 3,000 டாலர் கடன், 30 வருஷத் தவணை, 3 சதவீத வட்டி. கடன் முடியும் வரை கழுத்தில் கயிறு கார்ப்பரேஷன் கையில். என்ன பயிர் போடணும், யார் வழியா விக்கணும்ங்கிறதிலும் அதுக்குப் பேச்சு உண்டு.

அடுத்தது திட்ட நிர்வாகம். நம்ம ப்ராஜெக்ட்ல ரெண்டு வருஷம் குப்பை கொட்டினவங்களுக்கு இது பரிச்சயமான காட்சிதான். க்ளையண்ட் வந்தாச்சு, சர்வர் இன்னும் வாங்கலை! மே மாசம் மக்கள் வந்து இறங்கியாச்சு, வீடு ஒண்ணுமே இல்லை. கலிஃபோர்னியா நிவாரணப் பட்டியலிலிருந்து கொண்டுவந்த தொழிலாளர்கள் தச்சு வேலை பார்க்க, பெண்களும் குழந்தைகளும் மழையில் கூடாரத்தில். கொசுத் தொல்லை. அம்மை பரவிச்சு, குழந்தைகள் இறந்தாங்க. அதுக்கப்புறம்தான் சரியான மருத்துவமனை. ஜூன் மாசமே வாஷிங்டனுக்குப் புகார்த் தந்தி பறந்தது. பத்திரிகைகளுக்கு நல்ல வேட்டை. அப்போது பிரபலமாக இருந்த நகைச்சுவைக் கலைஞர் வில் ரோஜர்ஸ் ஆகஸ்டில் வந்து காலனியைப் பார்த்தார். சில நாளில், ஆகஸ்ட் 15 அன்று, அலாஸ்காவிலேயே விமான விபத்தில் இறந்துபோனார்.

ஒண்ணு ஒத்துக்கணும், மண்ணு நல்ல மண்ணு. பயிர்க்காலம் மூணு நாலு மாசம்தான், ஆனா ஜூனில் ஒரு நாளைக்குச் சுமார் 19 மணி நேரம் வெயில். முட்டைக்கோஸும் உருளையும் கொழுகொழுன்னு வரும். விளைஞ்சதை யாருக்கு விக்கிறதுங்கிறதுதான் கேள்வி. எண்பது ஏக்கர் இல்லாம பால் மாடு வைச்சுப் பிழைக்க முடியாதுன்னு கணக்குப் போடாம, 40 ஏக்கரைப் பிரிச்சுக் கொடுத்துட்டாங்க. காடு வேற வெட்டணும்.

1940க்குள் முதலில் வந்த குடும்பங்களில் பாதிக்கு மேல் போயாச்சு. 1965ல் விவசாயம் பண்ணிக்கிட்டு இருந்தது 20 குடும்பங்கள்தான். 'திட்டம் தோல்வி'ன்னு பத்திரிகைகள் எழுதினது இதை வச்சுத்தான். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. 1940ல் ஆங்கரேஜ் பக்கம் ராணுவத் தளங்கள் வந்ததும், கூலி வேலைக்குப் போனால் சீக்கிரம் கையில் காசு. எங்க தாத்தா மானாவாரி நிலத்தை விட்டுட்டு மில்லுக்குப் போனதை வீட்டில் யாரும் தோல்வின்னு சொன்னதில்லை. அதே தளங்கள்தான் மிச்சம் இருந்தவங்க பாலுக்கும் உருளைக்கும் சந்தையாச்சு. சந்தை இல்லாம நிலத்தை மட்டும் கொடுத்ததுதான் தப்பு, விவசாயி கிளம்பினது இல்லை.

காலனிக்காரங்க கூட்டுறவில் வளர்ந்த மட்டனூஸ்கா மெய்ட் பால் நிறுவனம் 2007ல் மூடினாங்க. அப்போ கட்டின சதுரக் களஞ்சியங்கள் சில பாமரில் இன்னும் நிற்குது. 1936லிருந்து நடக்கிற சந்தைத் திருவிழாவில் முட்டைக்கோஸ் போட்டி ரொம்ப விசேஷம். 2012ல் ஜெயிச்சது 62 கிலோவைத் தாண்டியது. என்னோட எடைக்குக் கிட்டத்தட்ட சமம்.