கம்பி இல்லாமல் நிற்கும் உயரச் சுவர்: ஸ்ரீகார்யம் லயோலா தேவாலயத்தில் என்ன விசேஷம்?

வித்துரா வழியாகப் பொன்முடிக்கு டூர் போகிறவர்கள், திரும்பும்போது திருவனந்தபுரத்தில் பத்மநாபசுவாமி கோயிலைப் பார்த்துவிட்டு ரயில் ஏறுவது வழக்கம். இன்னும் அரை நாள் கையில் இருந்தால் ஸ்ரீகார்யத்துக்குப் போகலாம். டெக்னோபார்க் போகும் வழியில், லயோலா கல்வி வளாகத்துக்குள் 1971-ல் எழுந்த செங்கல் தேவாலயம் இருக்கிறது. இங்கே முக்கியமாகப் பார்க்க வேண்டியது சுவரை.

யார் கட்டியது?

லாரி பேக்கர். 1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். 1945-ல் இந்தியா வந்து, பிறகு திருவனந்தபுரத்திலேயே தங்கிவிட்டார். வீட்டுக்கான பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்ற காந்தியின் கருத்தைக் கடைசிவரை பிடித்துக்கொண்டவர். திருவல்லாவின் புனித யோவான் பேராலயமும் அவர் வடிவமைத்ததுதான். 1990-ல் பத்மஸ்ரீ பெற்றார், 2007-ல் காலமானார்.

பட்ஜெட் எவ்வளவு?

1,000 பேர் உட்கார வேண்டும், செலவு 1.75 லட்சம் ரூபாய்க்குள் முடிய வேண்டும். வகுத்துப் பார்த்தால் ஓர் இருக்கைக்கு 175 ரூபாய். இன்றைய விலையோடு இதை நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனால் அன்றைக்கே அந்தப் பணத்தில் கம்பி, கான்கிரீட், கண்ணாடி என்று தாராளமாகப் போக வழியில்லை.

சுவர் எப்படி நிற்கிறது?

உயரமான ஒற்றைச் செங்கல் சுவர் பக்கவாட்டில் சாயும் அபாயம் உண்டு. அதனால் பேக்கர் இரண்டு சுவர்களை இடைவெளி விட்டு எழுப்பி, குறுக்குச் செங்கற்களால் பிணைத்தார். ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள்: தனித்தனியாக ஆடும் இரண்டு கம்புகள், படிகள் சேர்ந்ததும் உறுதியாகிவிடும். அதே கணக்குதான்.

வெளிச்சம், காற்று?

இரண்டு சுவர்களிலும் தரையிலிருந்து கூரை வரை செங்கல் விட்டு விட்டு அடுக்கிய துளைகள். கட்டடக்காரர்கள் இதை ‘ஜாலி’ என்பார்கள். அகலமான கூடத்தின் நடுவரைக்கும் வெளிச்சமும் காற்றும் வருவது இதனால்தான். பெரிய கூடங்களில் தொல்லை தரும் எதிரொலியும் இந்தத் துளைகளில் சிதறிக் குறைகிறது.

இன்று இது ஏன் முக்கியம்?

கண்ணாடி போர்த்திய ஆபீஸ் கட்டடம் வெயிலை உள்ளே விட்டுவிட்டு, அதை விரட்ட ஏசிக்குக் கரண்ட் கட்டுகிறது. ஜாலி சுவர், சூடான காற்று வெளியேற வழி விடுகிறது. குறையும் உண்டு: தூசியும் கொசுவும் வரும், ஏசி போட முடியாது. எல்லா அறைக்கும் இது சரிப்படாது. ஆனால் மாடிப்படி, வராண்டா, பொதுக்கூடம் ஆகியவற்றுக்குத் தாராளமாகப் பொருந்தும். வீடு கட்டப் போகிறீர்களா? இன்ஜினியரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

போகும் முன்

இது இயங்கிக்கொண்டிருக்கும் கல்வி வளாகம். முன்கூட்டியே அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். வழிபாட்டு நேரத்தில் போட்டோ வேண்டாம். வெயில் நேரமாகப் பார்த்துப் போனால், துளைகள் வழியே வெளிச்சம் விழுவதைப் பார்க்கலாம்.