பைனாகுலர் வாங்கப் போறீங்களா? பெரிய நம்பரைப் பார்த்து ஏமாறாதீங்க!

வேடந்தாங்கலில் நத்தைக்குத்தி நாரையை போன்ல ஜூம் பண்ணிப் பார்த்தா, மங்கலான வெள்ளைப் புள்ளிதான் தெரியும். சரி, பட்ஜெட்ல ஒரு பைனாகுலர் வாங்கலாம்னு தேடினா, '100 மடங்கு ஜூம்' விளம்பரம் கண்ணைப் பறிக்கும். அங்கேதான் உஷாரா இருக்கணும்!

8×42ன்னா என்ன?
8 என்பது எத்தனை மடங்கு பெருசா காட்டும் என்பது. 42 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். மடங்கு கூடக் கூட கை நடுக்கமும் சேர்ந்தே பெருசாகும். பறவை ஒரு இடத்துல நிக்காது. புதுசா பழகுறவங்களுக்கு 8 மடங்கே தாராளம்.

வெளிச்சக் கணக்கு
42-ஐ 8-ஆல் வகுத்தா 5.25. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு இது. 8×25-ல் இது சுமார் 3 மி.மீ.தான். பறவைகள் சுறுசுறுப்பா இருக்கும் அதிகாலையில் இந்த வித்தியாசம் நல்லாவே தெரியும்.

கடையில் செக் பண்ண...
* பைனாகுலரை கை நீட்டிப் பிடிச்சு, வெளிச்சமான சுவரை நோக்கித் திருப்புங்க. ஒளிவட்டம் முழு வட்டமா இருக்கணும். ஓரம் வெட்டுப்பட்டிருந்தா ப்ரிஸம் சுமார் ரகம்.
* தூரத்து போர்டைப் படிங்க. எழுத்து ரெண்டா தெரிஞ்சா வேண்டாம்.
* கண்ணாடி போடுறவங்க, கண்ணாடியோடவே பாருங்க.
* பட்ஜெட் கம்மியா? ஒரே விலையில், நேர்க்குழாய் மாடலைவிட அகலமான 'பாரோ' மாடல் பெரும்பாலும் தெளிவா காட்டும்.

முக்கியமா, அதை வெச்சு சூரியனை மட்டும் பார்த்துடாதீங்க. கண்ணே போயிடும்!