நடுவர் கையிலிருந்த காசு

கால்பந்து ஆட்டம் தொடங்குமுன் நடுவர் இரு அணித் தலைவர்களையும் அழைத்துக் காசைச் சுண்டுவார். ஊரில் எல்லோரும் 'பூவா தலையா' என்பார்கள். பிரெஞ்சில் படித்த எங்களுக்குப் பள்ளி மைதானத்தில் அது 'பில் ஊ ஃபாஸ்'. எந்தப் பக்கம் ஆடுவது, யார் முதலில் உதைப்பது என்ற அளவில் அந்தக் காசால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. முதல் பாதியில் முகத்தில் அடித்த வெயில் மறுபாதியில் எதிராளிக்குப் போய்விடும்.

ஆனால் ஆட்டத்தின் முடிவையே அந்தக் காசிடம் விட்ட காலமும் இருந்தது. என் பேரனிடம் சொன்னால் நம்ப மறுக்கிறான்.

1965-இல் ஐரோப்பியக் கோப்பைக் கால் இறுதியில் லிவர்பூலும் ஜெர்மனியின் கொலோன் அணியும் மோதின. இரண்டு ஆட்டங்களிலும் கோல் இல்லை. மூன்றாவது ஆட்டம் மார்ச் 24-இல் ரோட்டர்டாமில். கொலோனின் வோல்ஃப்காங் வெபருக்குக் கால் எலும்பு முறிந்தது. மாற்று ஆளை இறக்க அன்று வழியில்லை. அந்தக் காலோடேயே ஆடினார். கூடுதல் நேரமும் முடிந்து 2-2. ஆக 300 நிமிட ஆட்டம். நடுவர் இரு நிற வில்லை ஒன்றைச் சுண்டினார். அது சேற்றில் செங்குத்தாகக் குத்தி நின்றுவிட்டது! எடுத்து மறுபடி சுண்டினார். லிவர்பூல் வென்றது. வெபரின் முறிந்த காலுக்குக் கிடைத்த பதில் அவ்வளவுதான்.

மூன்றாண்டு கழித்து, 1968 ஜூன் 5, நேப்பிள்ஸ். ஐரோப்பிய நாடுகள் கோப்பை அரை இறுதியில் இத்தாலியும் சோவியத் யூனியனும் 0-0. மேற்கு ஜெர்மனி நடுவர் குர்ட் ச்சென்ஷர் இரு தலைவர்களையும் உள்ளே அழைத்துப்போய்க் காசைச் சுண்டினார். அரங்கில் இருந்தவர்கள் முடிவு தெரியாமல் காத்திருந்தார்கள். இத்தாலியின் ஃபாக்கெத்தி 'பூ' என்றார்; பூவே விழுந்தது. இறுதி ஆட்டம் 1-1 ஆனபோது மட்டும் காசை நாடாமல் இரண்டு நாள் கழித்து மறுபடி ஆடினார்கள். இத்தாலி 2-0 என வென்று கோப்பையைத் தூக்கியது. அரை இறுதிக்கு ஒரு நியாயம், இறுதிக்கு வேறு நியாயம்!

அதே ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக் கால் இறுதியில் இஸ்ரேல், பல்கேரியாவிடம் குலுக்கலில் தோற்றது. அந்த ஆதங்கத்தில் இஸ்ரேல்காரர்கள் பெனால்டி உதை யோசனையை முன்வைத்தார்கள். 1970 ஜூன் 27-இல் விதி மாறியது.

அரசு அலுவலகத்தில் காலம் கழித்தவன் நான். குலுக்கலை ஒரேயடியாகத் தள்ள எனக்கு மனம் வராது. நம் தேர்தலில் இரு வேட்பாளர்களுக்குச் சம வாக்கு விழுந்தால் இன்றும் குலுக்கல்தான், சட்டமே சொல்கிறது. அங்கே வாக்காளரை மறுநாள் திரும்ப வரச் சொல்ல முடியாது. ஆட்டக்காரர்களைச் சொல்லலாமே?

பெனால்டியிலும் காசு போய்விடவில்லை. எந்தக் கோலில் உதைப்பது என்பதற்கு நடுவர் ஒருமுறை சுண்டுகிறார். யார் முதலில் உதைப்பது என்பதற்கு இன்னொரு முறை.