நிற்றலும் ஒரு கல்வியே

நிற்றல் என்பது முயற்சி வேண்டாத செயல் என்றே பலரும் கருதுவர். அஃது உண்மையன்று. அசையாமல் நிற்பதாகத் தோன்றும் மனிதனின் உடலும் இடையறாது சிறிதளவு ஆடிக்கொண்டே இருக்கிறது. கண், உட்செவி, தசைகளிலும் மூட்டுகளிலும் பாதங்களிலும் பரவியுள்ள உணர்வு நரம்புகள் ஆகிய மூன்றும் அனுப்பும் செய்திகளை மூளை ஒருங்கிணைத்து, அவ்வாட்டத்தைக் கணந்தோறும் திருத்துகிறது. இவ்வுண்மையை மாந்தர் அறிந்த வரலாறு, கற்பித்தலைத் தொழிலாகக் கொண்ட நமக்கும் பயன்தரத்தக்கது.

பெர்லின் நகர மருத்துவரான மோரிட்ஸ் ரோம்பெர்க் (1795–1873), 1840ஆம் ஆண்டு தொடங்கிப் பகுதி பகுதியாக வெளியிட்ட நரம்பு நோய் நூலில் ஓர் எளிய சோதனையை விளக்கினார். முதுகுத் தண்டு பழுதுற்ற நோயாளியை நிற்கச் செய்து, கண்களை மூடச் சொன்னார். கண் திறந்திருந்தவரை நின்ற உடல், மூடியவுடன் தள்ளாடியது. கால்களிலிருந்து செய்தி வாராத குறையைக் கண்ணே அதுவரை ஈடுசெய்து வந்தது என்பது இதனால் புலனாயிற்று. கருவி எதுவும் வேண்டாத இச்சோதனை இன்றும் மருத்துவமனைகளில் வழக்கிலுள்ளது.

நோயாளிகள் மட்டுந்தான் ஆடுகின்றனரா? ஜெர்மானிய உடலியல் அறிஞர் கார்ல் பியரோர்ட், படைவீரரின் தலைக்கவசத்தில் இறகு ஒன்றைப் பொருத்தி, மேலே புகைக்கரி படிந்த தாளில் அது வரையும் கோடுகளைப் பதிவு செய்தார். நலமுற்ற வீரனின் உடலும் ஆடுகிறது என்பதற்கு அக்கோடுகளே சான்றாயின.

சோதனை பயிற்சியாக மாறிய கதை சுவையானது. சுவிட்சர்லாந்தின் ஹைடன் என்னும் ஊரில் மருத்துவராக விளங்கிய ஹைன்ரிக் பிரெங்கெல், 1880களின் பிற்பகுதியில் ஒரு நோயாளியைக் கண்களை மூடி விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். அவரால் இயலவில்லை. சில திங்கள் கழித்து வந்த அதே நோயாளி, அதனைச் செவ்வனே செய்தாராம். வியந்து வினவியபோது, அடுத்த தேர்வில் தேறவேண்டும் என்று வீட்டில் பழகியதாக அவர் விடையளித்தார் என்பர். இதனைக் கருவாகக் கொண்டு பிரெங்கெல் நிற்றல், நடத்தல் ஆகியவற்றுக்கும் படிப்படியான பயிற்சிகளை வகுத்தார். அவை அவர் பெயராலேயே வழங்கி வருகின்றன.

1965ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிரீமன் என்பாரும் அவர்தம் துணைவரும், கணுக்கால் சுளுக்கியோரை ஒற்றைக் காலில் நிற்கவைத்துச் சோதித்து, சாயும் பலகைமீது நிற்கப் பழக்கினர். பின்னர் இம்முறை விளையாட்டு வீரரிடமும் உடல்நலமுடைய பிறரிடமும் பரவியது.

எனினும் ஒரு வினா எழுகிறது. தேர்வுக்காகப் பழகியவர் அத்தேர்வில் மட்டும் தேறினாரா, சமநிலையையே கற்றாரா? நலமுற்றோரிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு மதிப்பீடு இதற்கு விடை தருகிறது. பழகிய செயலில் முன்னேற்றம் பெரிதாக இருந்தது. பழகாத செயல்களுக்கு அது சிறிதும் பெரிதாகப் பரவவில்லை. பலகைமேல் நிற்கத் தேர்ந்தவர், வழுக்கும் தரையிலும் தடுமாறார் என்று உறுதி கூற இயலாது.

வீழ்ச்சியால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் உயிரிழப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு மதிப்பிட்டது. ஆதலின் இது சிறிய செய்தியன்று. பற்றிக்கொள்ளச் சுவரோ நாற்காலியோ அருகிருக்க, ஒரு காலில் நிற்றல், ஒரே கோட்டில் நடத்தல், நடந்தவாறே தலையைத் திருப்புதல், படியேறுதல் எனப் பலவாறு பழகுதல் வேண்டும்.

வினாத்தாளை மட்டும் மனனம் செய்த மாணவன், வினா சற்றே மாறினால் திகைப்பதை நாம் வகுப்பறையில் நாளும் காண்கிறோம். நம் கால்களும் அம்மாணவனைப் போன்றவையே. அவற்றுக்கும் பலவகைப் பாடங்களை நாம் தருதல் வேண்டும்.